"உன் வீட்டில் மரணம் தெரிகிறது" என்று ஊழியக்காரர் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் வேலைக்குப் போகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் தெரிந்தவர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து, "உன் வீட்டில் கடலால் ஒரு மரணம் வருவதைப் பார்க்கிறேன். கட்டு அறுபட 21 நாள் விசேஷ ஜெபம் பண்ண வேண்டும், காணிக்கை 15 ஆயிரம். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் ஜெபம் தடைபடும்" என்றார். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. கம்மலை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா? அவரைச் சந்தேகப்பட்டால் பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் ஆகிவிடுமா?

பதில்: அன்புச் சகோதரி, கம்மலை அடகு வைக்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

உங்களை அதிகம் வாட்டுவது கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். மன்னிக்கப்படாத பாவம் என்று இயேசு சொன்ன இடத்தை மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் எடுத்து நிதானமாக வாசியுங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இவன் பிசாசுகளின் தலைவனாலே துரத்துகிறான்" என்று வேதபாரகர்கள் சொன்னார்கள். அவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. ஒரு ஊழியக்காரர் சொன்னது சரிதானா என்று கேட்கிறவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்கச் சொல்வதே வேதம்தான். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்று எழுதிய பவுல், அடுத்த வரியிலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நம் கூட்டங்களில் முதல் வரியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இரண்டாம் வரியைக் கேட்டது குறைவு. அது எனக்கு ஆறாத வருத்தம்.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் அகபுவைப் பாருங்கள். மெய்யான தீர்க்கதரிசி, அவரும் கெட்ட செய்திதான் சொன்னார். 11-ஆம் அதிகாரத்தில் பெரிய பஞ்சம் வரும் என்கிறார். அதைக் கேட்ட அந்தியோகியா சபை என்ன செய்தது? பஞ்சத்தைத் தடுக்க அகபுவிடம் ஒரு தொகையைக் கொடுக்கவில்லை. அவரவர் "திராணிக்குத்தக்கதாக" பணம் சேர்த்து, யூதேயாவில் கஷ்டப்படப் போகிற சகோதரருக்கு அனுப்பினார்கள். 21-ஆம் அதிகாரத்தில் அதே அகபு, பவுலின் இடைக்கச்சையை எடுத்துத் தன் கைகால்களையே கட்டிக்கொண்டு, "எருசலேமில் உன்னை இப்படிக் கட்டுவார்கள்" என்கிறார். எல்லார் முன்னாலும் சொன்னார். நண்பர்கள் அழுதார்கள், போக வேண்டாம் என்று கெஞ்சினார்கள். முடிவு பவுலின் கையிலேயே இருந்தது, அவர் போனார். "எனக்கு இவ்வளவு கொடுத்தால் கட்டு வராமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று அகபு பேரம் பேசவில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்டதை இதன் பக்கத்தில் வையுங்கள். ஒரு மரண பயம், ஒரு தொகை, ஒரு ரகசியம். மூன்றும் ஒன்றாக வந்தால் நான் மேற்கொண்டு யோசிக்காமல் விலகிவிடுவேன்.

பணத்தைப் பற்றி ஆதிச் சபைக்கே தெளிவு இருந்தது. டிடாக்கே என்று ஒரு சிறிய நூல் உண்டு, புதிய ஏற்பாட்டுக் காலத்தை ஒட்டிய சபை ஒழுங்கு. 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அதன் பழைய பிரதி கிடைத்தது. ஆவியில் பேசுவதாகச் சொல்லி "எனக்குப் பணம் தா" என்று ஒருவன் கேட்டால் அவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்குக் கொடு என்று சொன்னால் அவனைக் குறைசொல்லாதே என்கிறது அது. இந்தத் தந்திரம் நேற்று முளைத்ததல்ல என்று தெரிகிறது அல்லவா?

ரகசியத்துக்கு லொயோலா இஞ்ஞாசியார் சொன்னது போதும். 1521-இல் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்து படுத்திருந்த படைவீரர் அவர், பிற்பாடு கத்தோலிக்கப் புனிதரானவர். மனதுக்குள் வரும் குரல்களைப் பிரித்தறிவது எப்படி என்று விதிகள் எழுதினார். நல்ல குடும்பத்துப் பெண்ணை ஏமாற்றுகிறவன், அவள் தகப்பனிடமோ கணவனிடமோ சொல்லிவிடக் கூடாது என்றுதான் முதலில் பார்ப்பான். சத்துருவான பிசாசும் அப்படியே என்கிறார். விவரம் தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்ன மாத்திரத்தில் அவன் வேலை கெட்டுப்போகும். மனம் கலங்கியிருக்கும்போது புது முடிவு எதுவும் எடுக்காதே என்பதும் அவர் விதிதான். நான் கத்தோலிக்கன் இல்லை, ஆனாலும் ஆலோசனைக்கு வருகிற எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பணம் கொடுத்து ஒன்றும் நடக்காவிட்டால், ஜெபம் பலித்தது என்பார்கள். ஏதாவது நடந்துவிட்டால், உங்கள் விசுவாசம் குறைவு என்பார்கள். எப்படிப் போனாலும் சொன்னவர் தோற்க மாட்டார். உபாகமம் 18 வைக்கும் சோதனையோ, சொன்னது நடந்ததா இல்லையா என்பது. நடக்காவிட்டால் "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்" என்று முடிகிறது அந்த அதிகாரம். என் அம்மா தண்டையார்பேட்டையில் இருந்த காலத்தில், யார் தீர்க்கதரிசனம் சொன்னாலும் பைபிளின் கடைசி வெள்ளைத் தாளில் பென்சிலால் தேதி போட்டு, சொன்னது சொன்னபடி எழுதி வைப்பார். சிலதின் பக்கத்தில் பிற்பாடு ஒரு சின்ன டிக் இருக்கும். பலதின் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. நீங்களும் அந்த ஊழியக்காரர் சொன்னதை ஒரு தாளில் எழுதுங்கள், தொகையையும் சேர்த்து. பகல் வெளிச்சத்தில் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தலைக்குள் கேட்பது போல அது இருக்காது.

பயமே தப்பு என்று நான் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் பயம் இருக்கும். உங்கள் பக்கத்து ராயபுரத்துக்கே இராயப்பர், அதாவது பேதுரு, பெயர்தான் வந்தது என்பார்கள். அந்தப் பேதுருவே காற்றைப் பார்த்துப் பயந்து மூழ்கினவர்தான். "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்றதும் இயேசு கையை நீட்டிப் பிடித்தார். நடுவில் யாருக்கும் காணிக்கை இல்லை.

பயத்தில் நியாயமான பங்கு ஒன்று இருக்கும், அதற்கு வேலை கொடுங்கள். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று படகில் இருக்கிறதா? வயர்லெஸ் வேலை செய்கிறதா? துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் ஓனர் சொல்லுக்காகக் கிளம்பிவிடுகிறார்களா? இவற்றை அவரிடம் கேளுங்கள். இதைக் கேட்பது அவிசுவாசமாகாது.

தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், நெஞ்சு படபடப்பு இருந்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416-க்கு போன் செய்யுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் போய்விடும் என்று யாராவது சொன்னால், அதையும் அந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊழியக்காரர் மறுபடி போன் செய்தால், "எங்கள் சபை ஐயரிடமும் வீட்டுக்காரரிடமும் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவருடைய பதிலிலேயே உங்களுக்கு நிறைய விளங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், படகு கிளம்புவதற்குள் உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார் என்று பயமாக இருந்தால் இந்தப் பதிலையே காட்டுங்கள். பிறகு அவர் தலையில் நீங்களே கைவைத்து, உங்கள் வாயால் ஜெபம் பண்ணி அனுப்புங்கள்.