பழைய கம்பெனி பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 40. வீடு அம்பத்தூரில். 2015-இல் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது பேசிக் 11,000 ரூபாய். ஆறு வருடம் கழித்து, 2021-இல் கிண்டியில் வேறு கம்பெனிக்கு மாறினேன். சேரும்போது பேசிக் 18,000, இப்போது 24,000. புது கம்பெனியில் புது யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) போட்டுவிட்டார்கள். பழைய பிஎஃப் அப்படியே கிடக்கிறது. கமிஷன் கொடுத்தால் பிஎஃப், பென்ஷன் இரண்டையும் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும். எடுத்துவிடலாமா? 58-க்கு மேல் பிஎஃப் பென்ஷனை நம்பி இருக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே, வேலை இல்லாமல் இருப்பதாக எழுதிக்கொடுத்துத்தான் அந்த ஏஜென்ட் பணத்தை எடுப்பார். கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள். பிஎஃப் உள்ள இன்னொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்ற வேண்டும் என்பதுதான் விதி. மாற்றுவதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. கிடக்கும் பணத்துக்கு வட்டியும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் பதற்றம் வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஏஜென்ட் இல்லை, அந்தப் புது யுஏஎன். இன்றைக்கே உங்கள் இப்போதைய பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகை இருக்கும்: உங்கள் பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன். முழு பேசிக்கிற்கும் பிடித்தால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 2,880 ரூபாய். கம்பெனியும் அதே 2,880 போடும். அதில் 1,250 பென்ஷனுக்குப் போய், மீதி 1,630 பிஎஃப்-இல் விழ வேண்டும். சில கம்பெனிகள் 15,000-க்கு மட்டும் கணக்கிடும். அப்படியானால் 1,800, 550, 1,250 என்று இருக்கும். எப்படியானாலும் பென்ஷன் இடத்தில் 1,250 இருக்க வேண்டும்.

அங்கே பூஜ்யம் இருந்தால்? 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக பிஎஃப்-இல் சேர்பவரின் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் அவருக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது; கம்பெனி பங்கு முழுவதும் பிஎஃப்-க்கே போய்விடும். நீங்கள் 2015-இல் 11,000 பேசிக்கில் சேர்ந்தவர், ஆகவே பென்ஷன் உறுப்பினர். சம்பளம் பின்னால் உயர்ந்தாலும் அது தொடரும். ஆனால் 2021-இல் வேலையில் சேரும்போது கொடுக்கும் பிஎஃப் படிவம் 11-இல் பழைய யுஏஎன்-ஐ எழுதாமல் விட்டிருந்தால், 18,000 பேசிக்கில் வந்த உங்களைப் புது ஆள் என்று எச்ஆர் பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படி நடந்திருந்தால் இந்த ஐந்து வருடம் பென்ஷன் சர்வீஸில் சேரவே இல்லை. இப்போதே கம்பெனி மூலம் பிஎஃப் அலுவலகத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். 57 வயதில், அந்தக் கம்பெனி இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டு இதைச் செய்வது பெரும் பாடு.

பென்ஷன் கிடைக்கக் குறைந்தது பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஆறும் ஐந்தும் சேர்ந்தால்தான் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். ஆறை எடுத்துவிட்டால் ஐந்திலிருந்து திரும்ப ஓட வேண்டும்.

சரி, எவ்வளவு வரும்? கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் வரம்பு 15,000. இருபது வருடத்தைத் தாண்டியவருக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 58 வரை வேலை பார்த்தால் உங்களுக்கு 29 வருடம், கூட இரண்டு, ஆக 31. மாதம் சுமார் 6,640 ரூபாய். பழைய ஆறு வருடத்தை எடுத்துவிட்டால் 5,357.

எடுத்தால் பென்ஷன் பங்காகக் கிடைப்பது ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். 15,000 கணக்கில் 90,000 ரூபாய். அதைப் பதினெட்டு வருடம் தொடாமல் 8 சதவீதத்தில் வளர்த்தால் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். வெறும் கணக்காகப் பார்த்தால் மாதம் குறையும் 1,280 ரூபாய்க்கு அது ஒன்றும் மோசமில்லை. ஆனால் உங்களிடம் அது பள்ளிக் கட்டணமாகப் போய்விடும். தவிர, உங்கள் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வருவது உங்கள் பென்ஷனில் பாதி. அதுவும் இதோடு சேர்ந்து குறையும்.

இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: நம்பி இருக்க முடியாது. இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி இல்லை. முதல் மாதம் வாங்கிய தொகையைத்தான் எண்பது வயதிலும் வாங்குவீர்கள். இன்றைக்கு 30,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு, விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், உங்கள் 58 வயதில் 85,000 தேவைப்படும்.

உங்களைத் தாங்கப்போவது பென்ஷன் இல்லை, பிஎஃப் தொகை. மாதம் 4,510 ரூபாய் (2,880-ம் 1,630-ம்) 8 சதவீத வட்டியில் பதினெட்டு வருடம் ஏறினால், சம்பளம் உயராவிட்டாலும் 20 லட்சத்தைத் தாண்டும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். எச்ஆரிடம் சொல்லி விபிஎஃப்-ஆக (நாமே விரும்பிப் போடும் கூடுதல் பிஎஃப்) மாதம் 2,000 கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் இன்னும் ஒன்பது லட்சம் வரை சேரும். இதில் கம்பெனி தன் பங்கைக் கூட்டாது, ஆனால் வட்டி அதேதான். உங்கள் கம்பெனியில் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிய வரி முறையிலும் கம்பெனி போடும் என்பிஎஸ் பங்குக்கு, பேசிக்கில் 14 சதவீதம் வரை, வரிச் சலுகை உண்டு. பள்ளிக் கட்டணத்துக்கு வேறு வழியே இல்லை என்றால் கம்பெனியில் சம்பள முன்பணம் கேட்டுப் பாருங்கள்.

இனி மாற்றும் வேலை. பழைய கணக்கில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் பெயர். நம் ஊரில் பாதி விண்ணப்பம் இனிஷியலில்தான் நின்றுவிடுகிறது: ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பழைய பிஎஃப் பதிவில் ஒற்றை எழுத்து முன்னால் இருக்கும். முதலில் இதைத் திருத்திவிட்டு, இப்போதைய யுஏஎன் வழியாக மாற்ற விண்ணப்பியுங்கள். சிக்கினால் உங்கள் கம்பெனி எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொண்டு அங்கே நேரில் போங்கள்; சென்னையில் ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம் என்று தனித்தனி அலுவலகங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி குறைதீர் முகாமும் உண்டு.

மாற்றம் முடிந்ததும் புதுப் பாஸ்புக்கில் பிஎஃப் தொகை வந்திருக்கும், பழைய பென்ஷன் பணம் வந்திருக்காது. பணம் போய்விட்டது என்று பலர் பயந்து கூப்பிடுகிறார்கள். பென்ஷனில் மாறுவது பணம் இல்லை, சர்வீஸ் காலம். கணக்கு மாறிய விவரம் உள்ள அனெக்ஸர் கே என்ற தாளில் அந்த ஆறு வருடம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால், கல்யாணம் ஆனதுமே அது செல்லாது. மனைவி, மகள் பெயரை ஆன்லைனில் புதிதாகப் பதியுங்கள்.