கோடாரியும் தண்டவாள மணியும்

(விளையாட்டு குறித்த வாசகர் கேள்விகளுக்கு, காரைக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் பதில் அளிக்கிறார்.)

வாசகி, தேவகோட்டை: என் மகள் வயிற்றுப் பேரன் கலிஃபோர்னியாவில், பெர்க்லியில் படிக்கிறான். "எங்களுக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஒரு கோடாரிச் சண்டை உண்டு ஆயா" என்கிறான். படிக்கிற பிள்ளைகளுக்குக் கோடாரி எதற்கு?

பயப்படாதீர்கள் ஆச்சி. அது இப்போது பலகையில் பதித்த வெற்றிச் சின்னம். ஆண்டுதோறும் அந்த இரு கல்லூரிகளும் மோதும் கால்பந்தில் வென்றவர்களிடம் இருக்கும். நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்.

1899 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், பெர்க்லியின் நீலமும் தங்கநிறமும் உடுத்திய வைக்கோல் பொம்மையின் தலையை மரம் வெட்டும் கோடாரியால் சீவினார்கள். அதையே சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த பேஸ்பால் ஆட்டத்துக்கும் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் பெர்க்லி மாணவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். தெருத்தெருவாகத் துரத்தல். வழியில் பிடியைத் துண்டித்துவிட்டு, இரும்பை மட்டும் ஒருவர் மேல்கோட்டுக்குள் மறைத்து, படகேறி வளைகுடாவைக் கடந்துவிட்டார்.

அடுத்த 31 ஆண்டுகள் அதைப் பெர்க்லியினர் விடவில்லை. வங்கிப் பெட்டகத்தில் பூட்டி, ஆண்டுக்கொரு முறை கூட்டத்துக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள். 1930-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 21 பேர் கூடித் திட்டம் போட்டார்கள். சிலர் பத்திரிகைப் புகைப்படக்காரர்களைப் போல வந்து நின்று, கோடாரி வங்கிக்குத் திரும்பும் வேளையில் பறித்துச் சென்றார்கள். 1933-இல் இரு தரப்பும் பேசி, அதை வெற்றிப் பரிசாக்கின.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று உண்டு. யாரும் அந்த இரும்பை உருக்கவில்லை, விற்கவும் இல்லை. 1899-இல் அது வெறும் கடைச் சரக்கு. எதிராளி கண்ணைப் போலக் காத்ததால்தான் அதற்கு மதிப்பு ஏறியது.

வாசகர், புதுவயல்: அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்கள் கடற்படைக் கல்லூரியின் ஆட்டைத் திருடுவார்களாமே?

உண்மைதான். கடற்படைக் கல்லூரியின் சின்னம் பில் என்னும் ஆடு. 1953-இலேயே அதைக் கடத்தினார்கள். 1991-இல் கடற்படையினர் பதிலுக்கு ராணுவக் கல்லூரியின் சின்னமான கோவேறு கழுதைகளைக் கொண்டுபோனார்கள். பிறகு இரு கல்லூரித் தலைமையும் இதைத் தடை செய்தது. ஆனாலும் 2021-இல் ஒரு பண்ணைக்குள் புகுந்து, ஓடும் ஆட்டை விட்டுவிட்டு, முன்பு சின்னமாக இருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஒற்றைக் கொம்பு ஆட்டைத் தூக்கி வந்தார்கள். மூட்டுவலி வந்த கிழட்டு ஆடு! இதை என்னால் ஏற்கவே முடியாது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வளர்த்த காளையை முந்தின இரவு யாரேனும் தொழுவத்திலிருந்து அவிழ்த்துப் போனால், அதை விளையாட்டு என்று நம் ஊரில் ஒருவர் சொல்வாரா?

ஆசிரியை, பள்ளத்தூர்: இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் மாணவர்கள் எதிரணிப் பள்ளியின் கொடியைத் தூக்கி வந்துவிட்டார்கள். தண்டிப்பதா, விட்டுவிடுவதா?

அம்மா, என் கதையைச் சொல்கிறேன். 1972-இல் எங்களுக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் கால்பந்தில் தீராத போட்டி. அந்தப் பள்ளியில் வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. ஆட்டத்துக்கு முந்தின இரவு நாங்கள் நான்கு பேர் அதைக் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்துத் தள்ளி வந்து, ஊருணிப் படித்துறையோரச் சேற்றில் புதைத்தோம். மறுநாள் அங்கே மணி அடிக்கவில்லை என்று கேட்டுக் குதித்தோம். ஆட்டத்திலும் வென்றோம்.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது, மணியைக் கவனிக்கத் தவறினார் என்று அங்கே மணி அடிக்கும் பெரியவருக்கு ஒரு வாரக் கூலியைப் பிடித்துவிட்டார்கள் என்பது. எனக்குச் சோறு இறங்கவில்லை. துண்டைத் தோண்டியெடுத்துக் கழுவி, நாங்களே கொண்டுபோனோம். பெரியவர் ஒன்றும் பேசாமல் கயிற்றில் கட்டி, ஒரு முறை தட்டிப் பார்த்தார். சேறு ஒட்டியிருந்ததால் ஓசை மங்கலாகக் கேட்டது. தோளில் கிடந்த துணியால் மறுபடி துடைத்துவிட்டுத் தட்டினார். எங்கள் நால்வர் கைக்காசும் சேர்த்துக் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார்.

ஆகவே பிரம்பை எடுக்காதீர்கள், சிரித்துவிட்டும் விடாதீர்கள். அந்தக் கொடியை நாள்தோறும் ஏற்றி இறக்குபவர் யார் என்று விசாரியுங்கள். எடுத்த பிள்ளைகள் ஆட்டம் தொடங்குமுன், தலைமையாசிரியரைப் பார்க்கும் முன், அவரைப் பார்த்து அவர் கையிலேயே கொடுக்கட்டும்.