காம்பு மீண்டும் உள்ளே போய்விட்டது: மருத்துவர்மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. இரண்டு மார்புக்காம்புகளும் பருவ வயதிலிருந்தே உள்வாங்கி இருந்தன. ‘ஊசியால் செய்யும் சின்ன சிகிச்சைதான், தழும்பு தெரியாது, தாய்ப்பால் கொடுப்பதற்கும் ஒன்றும் ஆகாது’ என்று ஓர் அழகியல் சிகிச்சை மையத்தில் சொன்னார்கள். செய்துகொண்டு பத்து மாதம் ஆகிறது. நான்காம் மாதமே இடப்பக்கம் மறுபடி உள்ளே போய்விட்டது. வலப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. பால் நாளங்கள் வெட்டப்பட்டிருக்கலாம் என்கிறார் வேறொரு மருத்துவர். ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தில், சிகிச்சை அறைக்குள் அழைத்துப் போகும்போதுதான் கையெழுத்து வாங்கினார்கள். ஃபைலைக் கேட்டால் தருவதில்லை. ‘இலவசமாக மறுபடி செய்து தருகிறோம்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் ‘காம்பு மறுபடி உள்ளே போய்விட்டது’ என்பதை மட்டும் வைத்துப் போட்டால் தோற்பீர்கள். நன்றாகச் செய்த சிகிச்சையிலும் அது நடக்கக்கூடியதுதான். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது: பால் நாளங்களைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள், உள்ளே உண்மையில் என்ன செய்தார்கள்?

உள்வாங்கிய காம்பை மருத்துவர்கள் மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். விரலால் இழுத்தால் வெளியே வந்து அப்படியே நிற்பது முதல் நிலை. வந்தும் திரும்ப உள்ளே போவது இரண்டாம் நிலை. இழுத்தாலும் வராத அளவுக்கு நார்த்திசு இறுகி, நாளங்களும் குறுகிக் கிடப்பது மூன்றாம் நிலை. காம்பின் அடியில் சின்னத் துளையிட்டு, இழுத்துப் பிடித்திருக்கும் நார்களை ஊசி முனையால் அறுத்துவிட்டு, அடியைச் சுற்றிச் சுருக்குத் தையல் போடுவதுதான் ‘சின்ன சிகிச்சை’. மருத்துவர் கண்ணால் பார்த்து அறுப்பதில்லை. நாருக்கு நடுவில்தான் நாளங்களும் போகின்றன. மூன்றாம் நிலையில் நாளத்தைத் தொடாமல் நாரை மட்டும் விடுவிப்பது மிகக் கடினம். நார் முழுவதும் அறுபடாவிட்டாலோ தையல் தளர்ந்தாலோ காம்பு திரும்ப உள்ளே போகும். தையலை மிகவும் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். நரம்பு பாதித்தால் உணர்ச்சி போகும். ஆகவே உங்களுக்கு எந்த நிலை என்று ஃபைலில் எழுதியிருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எழுதாமலே ‘தாய்ப்பாலுக்கு ஒன்றும் ஆகாது’ என்று உறுதி சொல்லியிருந்தால், அது உங்கள் பக்கம் வலுவான புள்ளி.

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், கணிசமான அபாயங்கள் ஆகியவற்றைப் போதுமான அளவு சொன்ன பிறகு வாங்கும் ஒப்புதலே செல்லும். அபூர்வமான அபாயங்களை எல்லாம் சொல்லத் தேவையில்லை. குழந்தை பெறும் வயதுப் பெண்ணிடம் பால் நாளம் வெட்டுப்படலாம் என்று சொல்லாமல் விட்டதை ‘அபூர்வம்’ என்று தள்ளிவிட முடியாது. லேசான நிலைகளுக்கு உறிஞ்சு கருவியைச் சில மாதம் பயன்படுத்திப் பார்க்கும் வழியும் உண்டு. அதைச் சொன்னார்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். கையெழுத்து இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம். எந்த மொழியில், எப்போது, யார் விளக்கி வாங்கியது என்பதெல்லாம் விசாரணையில் வரும்.

இப்போது செய்ய வேண்டியது ஃபைலை வாங்குவது. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். ஒப்புதல் படிவம், அறுவைக் குறிப்பு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், செய்தவரின் பெயரும் பதிவு எண்ணும் என்று தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நாளங்கள் வெட்டப்பட்டனவா, காக்கப்பட்டனவா என்பதற்கு அறுவைக் குறிப்பைவிடப் பெரிய சாட்சி கிடையாது. தராவிட்டால் அந்த மறுப்பே உங்களுக்கு உதவும். மையத்தின் விளம்பரங்களையும், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த உறுதிகளையும் தேதி தெரியும்படி சேமித்து வையுங்கள். ஃபோனை மாற்றாதீர்கள், மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்.

இலவச மறுசிகிச்சைக்கு இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். மறுபடி கத்தி பட்டால், முதலில் என்ன நடந்தது என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாமல் போகும். ‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்ற தாளும் பெரும்பாலும் கூடவே வரும். அதற்கு முன், அந்த மையத்தோடு தொடர்பில்லாத பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் பரிசோதித்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஒப்புதல் குறைபாட்டுக்கு நிபுணர் அவ்வளவாகத் தேவைப்படாது. நாளம், நரம்பு விஷயத்துக்குக் கட்டாயம் தேவை. தாய்ப்பால் தர முடியாது என்பதை இன்றைக்கு நிரூபிப்பது கடினம். அதனால் உண்மை தெரிந்து முடிவெடுக்கும் வாய்ப்பு பறிக்கப்பட்டதையும் உணர்ச்சி இழப்பையும் இழப்பீட்டின் அடிப்படையாக வையுங்கள்.

புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தரலாம். காலக்கெடு 2 ஆண்டு. காம்பு உள்ளே போன தேதியிலிருந்து எண்ணலாமே என்று வாதிட இடமுண்டு; இருந்தாலும் சிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களிடம் 14 மாதம் மிச்சம். காவல் நிலையத்துக்கு முதலில் போவதை நான் ஆதரிக்கவில்லை. குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை. அங்கே புகார் முடிக்கப்பட்டால் எதிர்த்தரப்பு அதையே இங்கே காட்டும்.

படங்கள் எல்லார் கையிலும் போகுமே என்ற தயக்கத்தில் பல பெண்கள் இந்த வழக்குகளைப் போடாமலே விடுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. படங்களை மூடிய உறையில் மட்டுமே ஏற்க வேண்டும் என்று புகாரோடு சேர்த்தே தனி மனு போடுங்கள். உங்கள் படங்களை அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஃபைல் கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.