செபியா போட்டதும் மலைப்படம் வெளிறுவது ஏன்

மூடுபனி சூழ்ந்த கறுப்பு வெள்ளை மலைப்படத்தின் மேல் செபியா (பழுப்புச் சாயல்) லேயர் போட்டதும் படம் வெளிறுகிறது, பிரைட்னஸை ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிரைட்னஸைத் தொடாதீர்கள். செபியா லேயரின் பிளெண்ட் மோடை (அது கீழுள்ள படத்தோடு கலக்கும் விதத்தை) 'நார்மல்' என்பதிலிருந்து 'கலர்' என்று மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் வெளிறல் பெரும்பாலும் அதிலேயே போய்விடும்.

நார்மல் மோடில் பழுப்பு நிறம் படத்தின் மேல் ஒரு திரை போல விழுகிறது. கறுப்பு சாம்பலாக ஏறுகிறது, மேகத்தின் வெண்மை மங்குகிறது. அப்புறம் அதைச் சரிக்கட்ட பிரைட்னஸை ஏற்றினால் மூடுபனியின் மென்மையான படிகள் எல்லாம் ஒன்றாகிவிடும். கலர் மோடில் நிறம் மட்டும்தான் மாறும், வெளிச்சம் அப்படியே இருக்கும்.

உறுதி செய்ய, செபியா லேயரை அணைத்துவிட்டு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம் அது. கறுப்பு வெள்ளையிலேயே இடது ஓரம் காலியாக இருந்தால் கோளாறு டோனிங்கில் (நிறமேற்றுவதில்) இல்லை. முதலில் கர்வ்ஸில் (வெளிச்ச அளவை மாற்றும் வளைகோட்டுக் கருவியில்) நிழல் பகுதியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஹிஸ்டோகிராம் வலது ஓரம் வரை எட்ட வேண்டியதில்லை. மூடுபனிப் படத்துக்கு அது இயல்புதான். பழுப்பை நிழலிலும் நடு டோனிலும் வைத்து, வானத்தை ஏறக்குறைய நிறமில்லாமல் விடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஒன்று: மானிட்டர் வெளிச்சம் அதிகமாக இருந்தால் படத்தைத் தேவைக்கு மேல் இருட்டாக்கிவிடுவீர்கள். பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் முதலில் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள்.