கரிசல் மண்ணில் சாலை: கனம் கூட்டினால் போதுமா?

கேள்வி: கரிசலின் மீது போடப்பட்ட எங்கள் தார்ச்சாலையில், ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் விரிசல் விடுகிறது. தார் ஊற்றி அடைத்தாலும் ஒவ்வொரு கோடையிலும் மீண்டும் வாய் பிளக்கிறது. ஜல்லியின் கனத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: கனம் கூட்டினால் வண்டிகளின் பாரத்தைச் சாலை நன்றாகத் தாங்கும், மண் உப்புவதை அது தடுக்காது. அரை மீட்டர் கனமுள்ள ஜல்லியும் தாரும் சேர்ந்து ஒரு சதுர மீட்டரின் மீது ஏறத்தாழ 1 டன் எடையைத்தான் வைக்கின்றன. மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுந்த கரிசலோ, காய்ந்து கிடந்து நீரைக் குடிக்கும்போது, அதே பரப்பில் 10 டன்னுக்கும் மேற்பட்ட விசையுடன் மேலே தள்ளக்கூடும்.

விரிசல் ஓரத்திலேயே வருவதற்குக் காரணம் உண்டு. நடுப்பகுதிக்குக் கீழுள்ள மண், தார் மூடியிருப்பதால், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கிறது. ஓரத்து மண் மழையில் ஊறிப் பருத்து, வெயிலில் சுருங்கி விலகுகிறது, அருகில் பெரிய மரம் இருந்தால் இன்னும் வேகமாக வறள்கிறது. எனவே மண் ஓரத்தையும் நீர் புகாதவாறு மூடி, வடிகாலைச் சாலையிலிருந்து தள்ளி அமைப்பதே முதல் வேலை. அடியில் மணல் பரப்பும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மணலில் தேங்கும் நீர் நேரே களிமண்ணுக்குத்தான் போகும்.

புதிதாகப் போடுவதானால், மேல்மண்ணைக் கட்டியில்லாமல் உடைத்து, எடையில் 3 முதல் 8 விழுக்காடு வரை நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, ஓரிரு நாள் ஈரத்துடன் ஊறவிட்டு, மறுபடி கலந்து ரோலர் ஓட்டலாம். முதலில் மண்வெட்டியை விடாமல் ஒட்டிய மண், ஊறியபின் பொலபொலவென்று உதிரும். ஆனால் ஜிப்சம் போன்ற சல்பேட் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பே புதிய வீக்கத்தை உண்டாக்கிவிடும் என்பதால், சல்பேட் சோதனை செய்யாமல் இறங்கக் கூடாது.

கேள்வி: மண் எவ்வளவு உப்பும் என்பதை எளிதாக அறிய முடியுமா?

பதில்: முடியும். உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 மில்லி வரை ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. அதில் 12 மில்லியாகப் படிந்த மண் நீரில் 21 மில்லியாக நின்றால், வீக்கம் 75 விழுக்காடு. 50 விழுக்காட்டைத் தாண்டினாலே முன்னேற்பாடு தேவை. மண்ணை மேற்பரப்பில் சுரண்டாமல், சாலையின் அடித்தளம் அமையும் ஆழத்திலிருந்து எடுங்கள்.