ஜோஷ் கிப்சனுக்குக் காட்டியது சலுகையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கறுப்பின பேஸ்பால் வீரர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஜோஷ் கிப்சன் 1943இல் எடுத்த .466 பேட்டிங் சராசரிதான் இன்று அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு பருவத்துக்கான மிக உயர்ந்த சராசரி என்கிறீர்கள். அன்று கறுப்பர்களைச் சேர்க்காத வெள்ளையர் லீக்கில் ஆண்டுக்கு 154 ஆட்டம், அவர்கள் தனியாக ஆடிய கறுப்பர் லீக்கில் ஏறக்குறைய பாதி. இது பரிதாபப்பட்டுக் கொடுத்த சலுகை இல்லையா? அவர்கள் யாரும் உயிரோடு இல்லாத காலத்தில் இது யாருக்காக?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

2020இல் கொரோனாவால் மேஜர் லீக்கே அணிக்கு 60 ஆட்டங்களோடு பருவத்தை முடித்துக்கொண்டது. அந்தச் சராசரிகள் செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. அதே டிசம்பரில்தான் 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பர் லீக்குகளையும் மேஜர் லீக்காக ஏற்றார்கள்.

லீக் ஆட்டங்கள் குறைந்ததற்குக் காரணம் பிழைப்பு. லீக் வசூல் கட்டுப்படியாகாமல் அவ்வணிகள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், எதிரில் கிடைத்த உள்ளூர் அணிகளோடெல்லாம் ஆடின. அதையும் சேர்த்து ஏறத்தாழ 800 ஹோம் ரன் என்கிறது கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழரங்கில் உள்ள கிப்சனின் பட்டயம். மேஜர் லீக் அவர் பெயரில் வரவு வைத்திருப்பதோ இருநூறுகூட இல்லை. பழைய செய்தித்தாள்களில் ஸ்கோர் விவரம் கிடைத்த லீக் ஆட்டங்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பரிதாபப்பட்டுக் கொடுப்பவன் இவ்வளவு கறாராகவா கணக்குப் பார்ப்பான்?

சலுகை பெற்றவர்கள் வேறு ஆட்கள். கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி வாஷிங்டனில் ஆடியது வெள்ளையர் அணியான செனட்டர்ஸின் மைதானத்தில். அந்த அணியின் முதலாளி கிரேஸிடம் வாடகை வாங்கிக்கொண்டார். கிப்சனை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1947 ஜனவரியில் 35 வயதில் கிப்சன் இறந்தார். நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கியது அந்த ஏப்ரலில். ராபின்சன் முன்பு ஆடிய கறுப்பர் லீக் அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு டாட்ஜர்ஸ் ஒரு காசும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யாரும் உயிரோடு இல்லை என்பது சரியல்ல. 2024 மே மாதம் கறுப்பர் லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் கணக்கில் சேர்த்தபோது, இரண்டிலும் ஆடிய வில்லி மேஸ் இருந்தார். 1948இல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸுக்காக அடித்த 10 ஹிட் சேர்ந்து அவர் கணக்கு 3,293 ஆனது. அடுத்த மாதமே காலமானார்.

எனக்கு ஆறாதது பக் ஓ'நீல் விஷயம்தான். கறுப்பர் லீக்கின் கதையை ஊரெங்கும் சொல்லித் திரிந்த மனிதர். 2006இல் புகழரங்கம் கறுப்பர் பேஸ்பாலைச் சேர்ந்த 17 பேரை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்தபோது அவரை விட்டுவிட்டார்கள். அந்த விழாவில் அவர்களுக்காகப் பேசியதும் அவரே. அந்த அக்டோபரில் இறந்தார். அவருக்கு இடம் கொடுத்தது 2022இல்.