கொய்யாப்பழமும் குழவிக்கல்லும்

அன்புள்ள ஐயா,

நான் பரமக்குடிக்காரன். பதினெட்டு வருடமாக டெக்ஸஸ் வாசம். போன வருடம் ஓர் ஆர்.வி. வாங்கினோம். நம்மூர் கேரவன் மாதிரிதான். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே. லரேடோ வழியாக மெக்ஸிகோ போய்வந்தோம். அமெரிக்க இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது என்பதால் தனியாக ஒன்று எடுத்தோம், வண்டிக்கும் பர்மிட் வாங்கினோம். திரும்பும்போது எல்லையில் கொய்யாப்பழத்தையெல்லாம் பறித்துக்கொண்டார்கள். ஆனாலும் வீட்டையே எடுத்துக்கொண்டு நாடு தாண்டுவது தனி சுகம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் போலத்தானே? அந்தப் பேய் நகரத்தில் ஒரு ராத்திரி வண்டியிலேயே படுத்துவிட்டு, விடிந்ததும் இலங்கைக்குப் போக என்றாவது வழி வருமா?

க.

அன்புள்ள க.,

இப்போதைக்கு வழி இல்லை. பாலமும் கிடையாது, வண்டி ஏற்றுகிற கப்பலும் கிடையாது. 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு விட்ட கப்பல்கூட ஆட்களுக்கு மட்டும்தான். ஓட்டிக்கொண்டே எல்லை தாண்ட ஆசை என்றால் நேபாளம் போங்கள். இன்ஷூரன்ஸ், பர்மிட் சமாசாரமெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஆனால் 'பேய் நகரம்' என்று எழுதினீர்களே, பரமக்குடியில் பிறந்துவிட்டு! 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு ஜனங்கள் போனார்கள், ஊர் போனது, குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கமும் அறிவித்தது. எல்லாம் சரி. மீன்பிடிக்கிறவர்கள் அங்கே இன்னும் கொட்டகை போட்டு இருக்கிறார்களே, மணலைத் தோண்டி ஊறுகிற தண்ணீரைக் குடிக்கிறார்களே, அவர்கள் யார்? இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் சங்கும் பாசியும் விற்கிற பெண்ணிடம், 'நீங்க பேயாம்மா?' என்று கேட்டுப் பாருங்களேன். 2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை ரோடு வந்தபிறகு இந்தப் பேச்சு ரொம்பவே அதிகமாகிவிட்டது. இருட்டுவதற்குள் வெளியூர் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு அங்கே ராத்தங்கல் கிடையாது. படுத்துத் தூங்குகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். பேய்க்கு எதற்கையா கொட்டகை?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரி நாலு நாளாக என்னை விடவில்லை: 'வீட்டையே எடுத்துக்கொண்டு நாடு தாண்டுவது.'

அப்பா மண்டபத்தில் டீக்கடை வைத்திருந்தார். அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்தான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு. இந்தியாவையே பார்க்காத ஜனங்கள் 'தாயகம் திரும்பினார்கள்'. தனுஷ்கோடித் துறைதான் போய்விட்டதே. ராமானுஜம் கப்பல் ராமேஸ்வரத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து மண்டபம் முகாம். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைக் காலரா, அம்மை பயத்தில் நாள்கணக்கில் அடைத்துவைத்துப் பார்த்து அனுப்பியதும் இதே முகாமில்தான். உங்களிடம் கொய்யாவை மட்டும்தான் பிடுங்கினார்கள், போகட்டும்.

சித்திரை வெயிலில் கம்பளி ஸ்வெட்டர் போட்ட பையன்கள் கடைக்கு வருவார்கள். எனக்கும் அவர்கள் வயதுதான், சிரித்திருக்கிறேன். இருக்கிறதிலேயே நல்ல துணி அதுதான், கையில் தூக்கினால் சுமை என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு கிழவி வந்தாள். டிரங்குப்பெட்டியைக் கீழே வைத்தாள், இடுப்பில் இருந்த துணிமூட்டையை மட்டும் வைக்கவில்லை. அதில் ஒரு குழவிக்கல். அம்மி கனம், விட்டுவிட்டு வந்துவிட்டாளாம். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எந்தத் தோட்டத்துத் தூளு தம்பி?" என்றாள். அப்பா தலையைச் சொறிந்தார். "செட்டியார் கடைத் தூளு ஆத்தா." கிழவிக்கு அது பதிலாகவே படவில்லை, மறுபடியும் கேட்டாள். அப்பா அவளிடம் காசு வாங்கவில்லை. அடுத்த வாரம் அவர்களை நீலகிரிப் பக்கம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் தேயிலைதான்.

எண்பதுகளில் சண்டை வந்தது, கப்பலும் நின்றுபோனது. அப்புறம் படகுகளில் வந்தவர்களிடம் மூட்டைகூட இல்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நீங்கள் ஊருக்கு வரும்போது வண்டியெல்லாம் வேண்டாம். ரயிலில் வந்து மண்டபத்தில் இறங்குங்கள், நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். கொய்யா வாங்கி வைக்கிறேன்.